முடி முளைத்ததும் மாத்திரையை நிறுத்தினேன், மூன்றாவது முறையாக வந்துவிட்டது

தேவகோட்டைக்காரன்
எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு 3 வயது, 20 கிலோ. போன ஆடியில் மூக்குக்கு மேலேயும் முன்னங்கால்களிலும் வட்ட வட்டமாக முடி கொட்டிச் செதில் உரிந்தது. சொறி என்று நினைத்து வேப்பெண்ணெய் தடவினோம், அப்பத்தா சொன்னார்கள் என்று சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசினோம், அத்தனையையும் நக்கித் தின்றுவிட்டது. அப்புறம் டாக்டர் முடியைப் பிடுங்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பூஞ்சை என்றார். இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை 6 வாரம். முடி முளைத்தது, நிறுத்தினேன், ஒன்றரை மாதத்தில் திரும்ப வந்தது. மறுபடி 4 வாரம், மறுபடி நிறுத்தினேன். பொங்கல் கழிந்து பார்த்தால் முதுகு, வால், காது மடல் என்று உடம்பு முழுக்க. மகளுக்கும் முழங்கையில் படர்தாமரை. நாயை யாருக்காவது கொடுத்துவிடு என்கிறார்கள் வீட்டில், எனக்கு மனசு வரவில்லை. இது தீருமா?

பள்ளத்தூர் ராசாத்தி
தீரும் தம்பி, ஆனால் பொறுமை வேண்டும். எங்கள் நாட்டு நாய்க்கு 5 மாதம் ஆனது. முடி முளைத்தாலே குணமாகிவிட்டது என்று நானும் ஏமாந்தவள்தான். மகளைத் தோல் டாக்டரிடம் காட்டுங்கள், நாய்க்கு வாங்கிய மருந்தைப் பிள்ளைக்குத் தடவ வேண்டாம்.

மாட்டு டாக்டர்
மூக்கிலும் முன்னங்காலிலும் ஆரம்பித்தது என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. மண்ணைத் தோண்டும் நாய்க்கு அங்கேதான் முதலில் வரும், மைக்ரோஸ்போரம் ஜிப்சியம் மண்ணிலேயே வாழும் பூஞ்சை. எலி வளையைத் தோண்டினால் ட்ரைக்கோஃபைட்டான் என்ற பூஞ்சை ஒட்டும். பூனையிடமிருந்து வருவது மைக்ரோஸ்போரம் கேனிஸ், பல சமயம் பூனை உடம்பில் ஒன்றுமே தெரியாது. எது என்று தெரிந்தால்தான் எங்கிருந்து திரும்பத் திரும்ப வருகிறது என்று பிடிக்கலாம், அதற்குக் கல்ச்சர், அதாவது முடியில் இருக்கும் பூஞ்சையை லேபில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, செய்யச் சொல்லுங்கள், ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். பூஞ்சையைப் பார்க்க அடிக்கும் ஊதா விளக்கில் பச்சையாக ஒளிரவில்லை என்று விட்டுவிடாதீர்கள், இந்த மூன்றில் கேனிஸ் மட்டும்தான் ஒளிரும், அதுவும் எப்போதும் இல்லை.

நிறுத்துவதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடாது. இரண்டு வார இடைவெளியில் எடுத்த இரண்டு கல்ச்சரும் சுத்தம் என்று வர வேண்டும். மாத்திரையைச் சோற்றோடு, கொஞ்சம் நெய் விட்டுக் கொடுங்கள், வெறும் வயிற்றில் சரியாக ஏறாது. கூடவே கேஸ் மாத்திரை கொடுத்தாலும் அதே கதைதான். நடுவில் ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை. மைக்கோனசோலும் குளோர்ஹெக்சிடினும் கலந்த ஷாம்பு வாரம் இரண்டு முறை, நுரையோடு 10 நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும், அந்த 10 நிமிடத்தைத்தான் யாரும் செய்வதில்லை.

ஒரு கேள்வி. அரிப்புக்கு ஏதாவது ட்யூப் வாங்கித் தடவினீர்களா?

கண்டனூர் வளவு
வீட்டைச் சுத்தம் செய்வதை டாக்டர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். கேனிஸ் வித்து உதிர்ந்த முடியில் ஒன்றரை வருடம் வரை உயிரோடு கிடக்கும். தினமும் முடியைக் கூட்டி அள்ளுங்கள், தரையைச் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு அப்புறம் பிளீச் போடுங்கள், அழுக்கின் மேல் பிளீச் வேலை செய்யாது. ஒரு பங்குக்கு நூறு பங்கு தண்ணீர் போதும். தரை ஆத்தங்குடிப் பூக்கல் என்றால் முதலில் ஒரு மூலையில் ஊற்றிப் பாருங்கள், நான் பார்க்காமல் ஊற்றித் திட்டு வாங்கினேன். பிளீச்சோடு ஆசிட் மட்டும் கலந்துவிடாதீர்கள், மூச்சு முட்டும்.

தேவகோட்டைக்காரன்
டாக்டர் சார், தடவினேன். மெடிக்கலில் கேட்டதும் கொடுத்த ட்யூப், இரண்டே நாளில் சிவப்பு போய்விட்டது என்று சந்தோஷப்பட்டேன். இப்போது எடுத்துப் பார்த்தால் குளோபெட்டசோல் என்று போட்டிருக்கிறது.

மாட்டு டாக்டர்
அது ஸ்டீராய்டு. சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிட்டு அடியில் பூஞ்சையைப் பரவ விடும். இன்றோடு நிறுத்துங்கள், மகளுக்கும் அதையே தடவியிருந்தால் தோல் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால் தைராய்டு, தெள்ளுப்பூச்சி எல்லாம் பார்க்க வேண்டியிருக்கும்.

தேவகோட்டைக்காரன்
சரி சார். அது படுக்கும் சாக்கை இன்றே எரித்துவிட்டேன். ஆனால் நாய் பகல் முழுக்கத் தோண்டுவது வீட்டின் உள்முற்றமான இரண்டாங்கட்டில், எலி இருப்பது பங்காளி பூட்டிப் போட்ட அறையில், சாவி பினாங்கில் அவரிடம். கேட்டு எழுதியிருக்கிறேன். அதுவரை நாயை வாசல் பக்கம் முகப்பிலேயே கட்டிப் போடுகிறேன், ஒரத்தநாடு திங்கட்கிழமை.