மூஞ்சிய காட்டிட்டான், அதுக்கு இன்னா இவ்ளோ பில்டப்பு? (சூப்பர் ஜூனியர் 2020 பைனல்)

வியாசர்பாடி நைட்ஷிப்ட்

எல்லாருக்கும் வணக்கம். நான் டபிள்யூடபிள்யூஎஃப் ட்ரம்ப் கார்டு ஆடி வளந்த ஆளு, அண்டர்டேக்கர் கார்டு கைல வந்துச்சுன்னா அன்னிக்கு தெருவுக்கே நான்தான் ராஜா, அவ்ளோதான் நம்ம ரெஸ்லிங் அறிவு. ஜப்பான் பக்கம்லாம் போனதே இல்ல. போன வாரம் யார்டுல லாரி எதுவும் வராம மூணு மணி நேரம் சொம்மா குந்திகினு இருந்தேன், கூட வேல செய்ற தம்பி ஒருத்தன் "ணா இத பாரு"ன்னு போன நீட்டினான். நியூ ஜப்பான் கம்பெனியோட பெஸ்ட் ஆஃப் தி சூப்பர் ஜூனியர்ஸ், 2020 பைனல், ஹிரோமு தகாஹாஷிக்கும் எல் டெஸ்பராடோவுக்கும்.

மொதல்ல போன்ல தான் சவுண்டு போச்சுன்னு நெனச்சேன். அவ்ளோ பெரிய ஹால்ல ஒருத்தன் கூட கத்தல, எல்லாம் டபடபன்னு கை மட்டும் தட்றான். சரி கெடக்குதுன்னு பாத்துகினே இருந்தா, ஹிரோமு அந்த டெஸ்பராடோவோட முகமூடிய புடிச்சு கிழிக்கிறான், கிழிச்சது போதும்னு டெஸ்பராடோ மிச்சத்த தானே கழட்டி தூக்கி போட்டுட்டு மூஞ்சிய காட்டிகினு சண்ட போடறான். தம்பி அந்த எடத்துல எழுந்தே நின்னுட்டான், அவனுக்கு கண்ணு கலங்குது. எனக்கு ஒன்னியும் புரியல. மூஞ்சிதானே?

மேட்ச் நல்லாத்தான் இருந்துச்சு, அத இல்லன்னு சொல்லல. ஆனா எனக்கு எதையோ பாதில இருந்து பாத்தா மாதிரி இருக்கு. இதுக்கு முன்னாடி இன்னா பாக்கணும், அப்பால இன்னா பாக்கணும், எப்படி பாக்கணும்? வூட்ல மச்சான் வேற "எல்லாம் செட்டப்பு மாமா, இத போய் பாத்துகினு"ன்னு ஓட்றான், அவனுக்கும் ஒரு பதில் வேணும்.

ராயபுரம் ரிங்சைடு

நண்பா, நீங்க பாதில இருந்துதான் பாத்திருக்கீங்க, அதான் விஷயம்.

கை தட்டல் மேட்டர் ஈஸி. கொரோனா டைம். அப்ப ஜப்பான்ல ஷோ நடத்தலாம், ஆனா ஜனம் கத்தக்கூடாது, தட்டலாம், காலால தரைய உதைக்கலாம், அவ்ளோதான். வழக்கமா மே, ஜூன்ல நடக்கற டோர்னமென்ட் அந்த வருஷம் தள்ளிப்போயி நவம்பர்ல ஆரம்பிச்சு டிசம்பர் 11 அன்னிக்கு டோக்கியோ புடோகான் அரங்கத்துல பைனல். 10 பேரு, ஒரே ப்ளாக், எல்லாரும் எல்லாரோடயும் மோதணும், அதாவது தலைக்கு 9 மேட்ச். ஜெயிச்சா 2 பாயின்ட், டிரா ஆனா 1. எல்லாரும் 100 கிலோவுக்கு கீழ, அதான் ஜூனியர். வெளிய விழுந்தா ரெஃப்ரி 20 வரைக்கும் எண்ணுவாரு, நம்ம பாத்த டபிள்யூடபிள்யூஈ மாதிரி 10 இல்ல, அதனாலதான் வெளியவே அவ்ளோ நேரம் அடிச்சுக்கறாங்க.

இப்ப முகமூடி. மெக்ஸிகோல முகமூடிங்கறது மானம். அத அடுத்தவன் புடிச்சு இழுக்கறது நம்மூர் நடுரோட்டுல ஒருத்தன் கைலிய உருவற மாதிரி வெச்சுக்கோங்க. உருவினவன் மேலதான் எல்லாருக்கும் கோவம் வரும். ஆனா கைலி போனவனே "போனா போவட்டும் வாடா"ன்னு நின்னு அடிச்சா? அதான் டெஸ்பராடோ அன்னிக்கு பண்ணது.

அதுக்கும் கீழ இன்னொரு கத இருக்கு. ஹிரோமு மொத மொதல்ல ரிங்குல ஏறினது 2010 ஆகஸ்ட். அன்னிக்கு அவன தோக்கடிச்சது அதே டோஜோவுல, அதாவது கம்பெனியோட பயிற்சிக் கூடத்துல, கூட ட்ரெய்னிங் எடுத்த இன்னொரு சின்ன பையன், கறுப்பு ட்ரங்க்ஸு, முகமூடியெல்லாம் கெடையாது. அந்த பையன் அப்பறம் மெக்ஸிகோ போனான். 2014 ஜனவரில எல் டெஸ்பராடோன்னு ஒரு முகமூடி ஆளு வந்து எறங்கறான். புரிஞ்சுதா? பல வருஷமா பாக்கற எல்லாருக்கும் தெரியும், ஆனா யாரும் வாய தொறந்து சொல்லிக்க மாட்டாங்க. ஹிரோமு அன்னிக்கு கிழிச்சது அந்த மௌனத்த. துணிக்கு கீழ நின்னது 10 வருஷத்துக்கு முன்னாடி பாத்த அதே மூஞ்சி. மறுபடி போட்டு பாருங்க, இந்த தடவ டெஸ்பராடோவ வுட்டுட்டு ஹிரோமு மூஞ்சிய மட்டும் பாருங்க.

இன்னொன்னு, 2018 ஜூலைல சான் பிரான்சிஸ்கோல டிராகன் லீ போட்ட ஒரு மூவ்ல ஹிரோமுவுக்கு கழுத்தெலும்பு உடஞ்சு போச்சு. ஒன்றர வருஷம் ஆள காணோம். அது தெரிஞ்சு பாத்தா அவன் தல மேல ஒவ்வொரு தபா விழும்போதும் நமக்கு அடிவயிறு பிசையும்.

மிண்ட் மொட்டமாடி

ரிங்சைடு ப்ரோ சொன்னது கரெக்ட் ஆனா புதுசா வர்றவருக்கு 2020 கொஞ்சம் ஹெவி. என் ஓட்டு 2019 பைனல், வில் ஆஸ்ப்ரே எதிர் ஷிங்கோ தகாகி, ஜூன் 5, ரியோகோகு சுமோ அரங்கம். முன்கத எதுவும் தெரிய வேணாம், ரெண்டே வரி போதும். ஷிங்கோ டிராகன் கேட் கம்பெனில இருந்து 2018 அக்டோபர்ல வந்தவன், வந்ததுலருந்து ஒருத்தனும் அவன 1-2-3 எண்ண வெச்சதில்ல, லீக்லயும் 9க்கு 9. ஆஸ்ப்ரே இங்கிலாந்து பையன், பறப்பான். ஷிங்கோ ஜூனியருக்குள்ள தப்பி வந்த புல்டோசர், சின்ன பசங்க கபடி டீம்ல தாடி வெச்சவன் நொழஞ்ச மாதிரி இருக்கும். அரமணி நேரத்துக்கு மேல ஓடுது, எனக்கு ஒரு எடத்துல கூட போன பாக்கணும்னு தோணல. மொட்டமாடில பாத்துட்டு இருந்தேன், கொசு கடிச்சு கால் வீங்கிருச்சு, முடிஞ்சப்பறம்தான் தெரிஞ்சுது.

நைட்ஷிப்ட் அண்ணனுக்கு ஒரு போனஸ், நம்ம டீன் ஆம்ப்ரோஸ், அவரு டபிள்யூடபிள்யூஈய வுட்டுட்டு ஜான் மாக்ஸ்லியா ஜப்பான்ல மொத மேட்ச் ஆடினதும் அதே ஷோல தான். அப்படி ஒருத்தர் வந்தும் நைட்டு முடியும்போது எல்லாரும் பேசினது இந்த ரெண்டு பேர பத்தி. தோத்த ஷிங்கோ அப்பறம் நேரா ஹெவிவெயிட்டுக்கு போயிட்டான். 2021ல ஆஸ்ப்ரே, ஷிங்கோ ரெண்டு பேருமே கம்பெனியோட பெரிய பெல்ட்டையே வாங்கினாங்க, அப்ப 2019ல நம்ம பாத்தது ஜூனியர் பைனலான்னே எனக்கு டவுட்டு.

கொருக்குப்பேட்ட கேட்டு

வந்துட்டாங்கய்யா ஆஸ்ப்ரே ரசிகர் மன்றம்.

நான் சொல்றது யாருக்கும் புடிக்காது, பரவால்ல. இந்த பசங்க மேட்ச் பாதி ரெக்கார்ட் டான்ஸ் மாதிரி இருக்கு. 2016 மே 27, கொராகுவென் ஹால், ஆஸ்ப்ரே எதிர் ரிக்கோஷே. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல குட்டிக்கரணம் அடிச்சு ஒரே நேரத்துல போஸ் குடுத்து நிக்கறாங்க, அதுல அடி எங்கய்யா? உலகமே அந்த கிளிப்ப போட்டு மெய் மறந்துச்சு, பழைய ஜாம்பவான் வேடரே இது ஜிம்னாஸ்டிக்ஸ்னு கடுப்பானாரு. எனக்கு இருக்கற கொற ஒன்னுதான். 10 நிமிஷம் ஒருத்தன் கால முறுக்கு முறுக்குன்னு முறுக்கறான், அவனும் நொண்டறான், நானும் ஐயோ பாவம்னு பாக்கறேன், அடுத்த நிமிஷம் அதே கால வெச்சு கயிறு மேல ஏறி பறக்கறான். அப்ப அந்த 10 நிமிஷம் எனக்கு எதுக்கு? எங்க ரயில்வே கேட்டுல மாட்டினாலே அர மணி நேரம் போயிடும், அந்த கடுப்பு போதாதா.

டெஸ்பராடோவ எனக்கு புடிக்கும், ஏன்னா அவன் முட்டிய புடிச்சா விடமாட்டான். அவனோட நுமெரோ டோஸ்ங்கற கால் பூட்டு வெறும் சீன் இல்ல, அதுக்கு முன்னாடி கால்ல போட்ட ஒவ்வொரு அடிக்கும் வட்டி வசூல் பண்றான். அந்த கணக்குல 2020 பைனல் ஓகே.

பழைய வண்ணாரப்பேட்ட வாத்தியார்

இன்னா நைனா எல்லாரும் நேத்து பொறந்த மேட்சாவே சொல்லிகினு கீறீங்க. இந்த டோர்னமென்ட் 1988ல ஆரம்பிச்சது, அப்ப பேரு டாப் ஆஃப் தி சூப்பர் ஜூனியர்ஸ். மொத வருஷம் கோஷினாகா ஜெயிச்சாரு. 1994ல இருந்துதான் இப்ப கீற பேரு, அந்த வருஷம் ஜெயிச்சது ஜுஷின் லைகர். முகமூடி கிழிக்கற பைனல் 2020ல புச்சா வந்தது கெடையாது. 1997 ஜூன் 5, அதே புடோகான், எல் சாமுராய்க்கும் கோஜி கானெமோட்டோவுக்கும். கானெமோட்டோ திமிரு புடிச்ச ஆளு, மூஞ்ச பாத்தாலே ரெண்டு குடுக்கணும்னு தோணும், அவன் சாமுராயோட முகமூடிய பிச்சு எடுத்து கேவலப்படுத்தறான். சாமுராய் வருஷம் பூரா லைகரோட நெழல்ல நின்ன ஆளுப்பா, பெருசா யாரும் கண்டுக்க மாட்டாங்க. அன்னிக்கு அந்த கிழிஞ்ச கோலத்துல நின்னு ஜெயிச்சாரு பாரு. கேசட்டு கோடு கோடா ஓடும், அப்பவும் நான் 4 தபா பாத்திருப்பேன்.

கேட்டு தம்பி, கால் மேட்டருக்கு வர்றேன். எங்க பெரியண்ணன் குத்துச்சண்ட ஆடின ஆளு, வீட்ல சின்ன வயசுல இருந்து அந்த பேச்சுதான். மொத ரவுண்டுல விலாவுல வுழற குத்துக்கு யாரும் கை தட்ட மாட்டான், ஆறாவது ரவுண்டுல கை தானா கீழ எறங்கும், அப்ப தெரியும் அந்த குத்து எங்க போச்சுன்னு. நல்ல ஜூனியர் மேட்சும் அப்டிதான் கணக்கு வெச்சுக்கும். கணக்கு வெக்காதவன நீ திட்டு, நானும் கூட சேந்து திட்றேன். அதுக்காக பறக்கறதையே டான்ஸுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன்.

ஏன்னு கேளு. 1994 ஏப்ரல் 16, சூப்பர் ஜே கப். இது வேற டோர்னமென்ட்டு, பல கம்பெனி ஆளுங்க 14 பேரு, ஒரே ராத்திரில நாக் அவுட். செமில லைகரும் கிரேட் சாசுகேவும். சாசுகே கயிறு மேல தாவி ஏறப்போயி கால் வழுக்கி தொப்புன்னு வுழறாரு. ஜனம் ஐயோங்குது. லைகர் இன்னா பண்ணாரு தெரியுமா, எதிர்ல நின்னு நக்கலா கை தட்டினாரு! தட்டி முடிக்கல, சாசுகே எழுந்து வந்து கழுத்துல கால போட்டு சுருட்டி 1-2-3. வேணும்னு வழுக்கினாரா தெரியாம வழுக்கினாரான்னு இன்னிக்கும் அடிச்சுக்கறாங்க, எனக்கு அது தெரியவே வேணாம். பைனல்ல சாசுகே தோத்தாரு, ஜெயிச்சவன் பேரு வைல்டு பெகாசஸ். அவன்தான் கிறிஸ் பென்வா, 2007ல பொஞ்சாதி புள்ளைய கொன்னுட்டு தானும் செத்தவன், அதுக்கு அப்பறம் எனக்கு அந்த மேட்ச போட மனசு வர்ல.

நைட்ஷிப்ட் தம்பிக்கு ஒரு செய்தி, 1996ல லைகர பைனல்ல சாச்ச பிளாக் டைகர் உன் ட்ரம்ப் கார்டுல கீற எட்டி கரேரோதான். 2010, 2013 ரெண்டு தபா ஜெயிச்ச பிரின்ஸ் டெவிட்டு இப்ப ஃபின் பேலர். நீ இந்த ஊருக்கு புதுசு இல்ல.

மிண்ட் மொட்டமாடி

வாத்தியாரே 1997 ஒத்துக்கறேன். ஆனா கேட்டு ப்ரோ, ஆஸ்ப்ரேவ 2016ஓட நிறுத்திட்டு பேசறது நியாயமில்ல. 2019ல அவன் வெயிட்டு போட்டு அடிக்கவும் கத்துக்கிட்டான். பாத்துட்டு வந்து திட்டுங்க.

கொருக்குப்பேட்ட கேட்டு

பாத்தேன் பாத்தேன். ஷிங்கோ சூப்பர். அவ்ளோதான் சொல்லுவேன்.

வியாசர்பாடி நைட்ஷிப்ட்

பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க, யார்டுல வேல பின்னிடுச்சு.

2018 பைனல தம்பிதான் போட்டு குடுத்தான், ஹிரோமு எதிர் தைஜி இஷிமோரி, கொராகுவென் ஹால். அந்த ஹால் அஞ்சாவது மாடில இருக்காமே, பாக்சிங்கும் அங்கதான் நடக்குமாம், சின்னதா நெருக்கமா நம்ம ஏரியா கல்யாண மண்டபத்துல கூட்டம் நெறஞ்சா மாதிரி இருக்கு. சண்ட ஜனம் குந்திகினு இருக்கற படிக்கட்டு வரைக்கும் போவுது. அங்க எல்லாரும் ஹிரோமு ஹிரோமுன்னு தொண்ட கிழிய கத்தறாங்க. அது முடிஞ்சு ஒரு மாசத்துல அவனுக்கு கழுத்து உடையுதுன்னு தெரிஞ்சே பாக்கறது ஒரு மாதிரி பேஜாரா இருந்துச்சு.

அப்பால 2020அ மறுபடி போட்டேன், ரிங்சைடு சொன்னா மாதிரி ஹிரோமு மூஞ்சிய மட்டும் பாத்தேன். 2018ல அந்த கத்து கத்தின ஜனம் இங்க வாய மூடிகினு கை மட்டும் தட்டுது, அதுவே தொண்டைய அடைக்குது. மூஞ்சி தெரிஞ்சப்பறம் ஹிரோமு அடிக்கறதுல ஒரு சந்தோஷம் இருக்குங்க. கோவம் மாதிரி தெரியல. ரொம்ப நாள் கழிச்சு பழைய கூட்டாளிய தெருமுனைல பாத்தா முதுகுல ஒன்னு வெப்போமே, அந்த மாதிரி. நான் தப்பா பாக்கறனா தெரியல.

2019 செம. சத்தியமா. ஆனா எனக்கு 2020தான்.

மச்சானுக்கு பதிலெல்லாம் சொல்லல. 2019அ ஓட விட்டுட்டு டீ வாங்க போற மாதிரி வெளிய போயிட்டேன், திரும்பி வந்து பாத்தா எனக்கு முதுக காட்டிகினு டிவிக்கு ஒரு அடி முன்னாடி நின்னுகினு இருக்கான். "இன்னாடா செட்டப்பு"ன்னு கேட்டா "ஷ்ஷ் மாமா இரு"ன்றான். டீ ஆறிப்போச்சு.

ராயபுரம் ரிங்சைடு

இல்ல நண்பா, சரியாத்தான் பாத்திருக்கீங்க. அடுத்து 2022 பைனல் போடுங்க, மறுபடி அதே ரெண்டு பேரு, அதே புடோகான், மறுபடி ஹிரோமுதான் ஜெயிப்பான். 2018ஓட சேத்து அது அவனுக்கு நாலாவது, அவ்ளோ தடவ வேற யாரும் ஜெயிச்சதில்ல. அப்பறமா 2024, ஒசாகா. அதுல டெஸ்பராடோவுக்கு எதிர்ல இஷிமோரி, ஒங்க 2018 ஆளு.

வியாசர்பாடி நைட்ஷிப்ட்

2024ல டெஸ்பராடோ ஜெயிக்கறானா?

பழைய வண்ணாரப்பேட்ட வாத்தியார்

யோவ் ரிங்சைடு, வாய தொறந்த, மவனே ராயபுரம் வந்து ஒதப்பேன். தம்பி நீ போயி பாரு. மே மாசம் புது சீசன் வந்தா ஜப்பான்ல சாயங்காலம் ஆறர மணி ஷோ நமக்கு மதியம் மூணு மணி, கத்திரி வெயில்ல எவனும் வெளிய போவ மாட்டான், மச்சானையும் கூட்டிகினு வா, எங்க வூட்ல டிவி பெருசு.