பிக்சலில் கிராபீன்ஓஎஸ்: யுபிஐ பதிவு ஆகவில்லை, வழி சொல்லுங்கள்

காவிரிக்கரை:
வணக்கம். மாவட்ட அளவில் செய்தி சேகரிப்பவன் நான். மணல் விவகாரத்தை எழுத ஆரம்பித்ததிலிருந்து, தகவல் தருபவர்கள் போனில் பேசவே பயப்படுகிறார்கள். புதுப் போன்கள் எல்லாவற்றிலும் அரசின் சஞ்சார் சாத்தி செயலியை ஏற்றித்தான் விற்க வேண்டும் என்று 2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டதே, அப்போதே போனை மாற்றுவது என்று முடிவெடுத்தேன். டிசம்பர் 3 அன்று அந்தக் கட்டாயத்தை விலக்கிக்கொண்டார்கள். ஆனாலும் மனம் ஆறவில்லை. கூகுளின் பிக்சல் 8ஏ போனை வாங்கி, ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்டு பாதுகாப்புக்காகவே உருவாக்கிய கிராபீன்ஓஎஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி, போனில் வேறு மென்பொருள் ஏறாமல் காக்கும் பூட்லோடரையும் மறுபடி பூட்டிவிட்டேன்.

பணம் தொடர்பான செயலிகளையும் கூகுள் ப்ளேயையும் தனி யூசர் ப்ரொஃபைலில், அதாவது அதே போனுக்குள் தனியாக இயங்கும் இன்னொரு கணக்கில், வைத்திருக்கிறேன். அங்கே யுபிஐ செயலி எண்ணைச் சரிபார்க்கிறேன் என்று சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் எஸ்எம்எஸ் அனுப்ப முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. முதன்மை ப்ரொஃபைலில் அதே சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் நன்றாகப் போகிறது. வங்கிச் செயலியோ, திறந்த உடனே இந்தக் கருவி பாதுகாப்பானதல்ல என்று சொல்லி மூடிக்கொள்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒட்டுக்கேட்க அரசுக்கு இடம் தரும் 2023 தொலைத்தொடர்புச் சட்டம் இருக்கும்போது, இவ்வளவு பாடுபட்டுப் பயன் உண்டா?

திருகாணி:
எஸ்எம்எஸ் சிக்கல் சின்னதுதான் அண்ணா. இரண்டாவது ப்ரொஃபைலுக்கு அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் இயல்பாகவே அணைந்திருக்கும். முதன்மை ப்ரொஃபைலுக்கு வந்து செட்டிங்ஸ், சிஸ்டம், யூசர்ஸ் என்று போய், அந்த ப்ரொஃபைலின் பெயரைத் தொட்டால் போன் அழைப்பு, எஸ்எம்எஸ் என்று ஒரு சுவிட்ச் தெரியும். அதைப் போடுங்கள். அப்புறம் யுபிஐ செயலிக்கு எஸ்எம்எஸ், போன் அனுமதிகள் கொடுத்துப் பதிவை முதலிலிருந்து செய்யுங்கள்.

வங்கிச் செயலியின் கதை வேறு. அது கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி என்ற சரிபார்ப்புச் சேவையிடம், இந்தப் போன் கூகுள் சான்றளித்த மென்பொருளில் ஓடுகிறதா என்று கேட்கிறது. கிராபீன்ஓஎஸ்ஸுக்கு அந்தச் சான்று கிடையாது. பூட்டிய பூட்லோடரோடு, உடனுக்குடன் அப்டேட் வாங்கும் உங்கள் போனைத் தள்ளிவிட்டு, பல வருடமாகப் பாதுகாப்பு அப்டேட்டே வராத பழைய போனைச் சான்று இருக்கிறது என்று உள்ளே விடுகிறார்கள். எனக்கு இதில் கடுங்கோபம் உண்டு. போனின் சிப்பே தரும் வன்பொருள் சான்றை வைத்துக் கிராபீன்ஓஎஸ்ஸை அடையாளம் காண வழி இருக்கிறது. வங்கி மனம் வைத்தால் செய்யலாம், எழுதிக் கேளுங்கள். அதுவரை பிரவுசரில் நெட்பேங்கிங்தான். ரூட் செய்து, அதாவது போனின் உள்பூட்டுகளைத் திறந்துவிட்டு, செயலியை ஏமாற்றச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். நீங்கள் தேடிய பாதுகாப்பே போய்விடும்.

வழக்காடி:
சட்டக் கேள்விக்கு நான் சொல்கிறேன். பயன் உண்டு, ஆனால் எதற்கு என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் கை வைக்கும் முதல் இடம் உங்கள் போன் அல்ல, சிம் நிறுவனம். 2023 சட்டத்தின் 20(2) பிரிவும் 2024 டிசம்பரில் வந்த இடைமறிப்பு விதிகளும் சேர்ந்து, உள்துறைச் செயலர் உத்தரவிட்டால் ஒட்டுக்கேட்கலாம் என்கின்றன. ஒரு உத்தரவு 60 நாள் செல்லும், நீட்டித்தால் 180 நாள் வரை. நீதிபதி யாரும் இடையில் இல்லை. சரிபார்க்கும் குழுவிலும் அரசு அதிகாரிகள்தான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமித்துச் சொன்ன பிறகும் நிலைமை இதுதான்.

யாரிடம் எப்போது எவ்வளவு நேரம் பேசினீர்கள், எந்த டவரில் இருந்தீர்கள் என்ற பதிவுகளை நிறுவனம் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். எந்த ஓஎஸ்ஸும் இதை மறைக்காது. உங்களுக்குத் தகவல் தருபவரைக் காட்டிக்கொடுக்க அந்த ஒற்றை வரியே போதும், பேச்சைக் கேட்கத் தேவையே இல்லை. அதனால் அவரைச் சாதாரண அழைப்பில் கூப்பிடாதீர்கள். மறையாக்கம் செய்து பேச வைக்கும் சிக்னல் செயலியில் பேசுங்கள். அரசு கேட்டாலும் கொடுக்க சிக்னல் நிறுவனத்திடம் இருப்பது கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும்தான்.

நீங்கள் அரசு அங்கீகாரம் பெற்ற நிருபரா? இந்தியாவில் வெளியிட அனுப்பும் செய்திகளை இடைமறிக்கக் கூடாது என்று சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. அது அங்கீகாரம் உள்ளவர்களுக்கு மட்டும்.

காவிரிக்கரை:
சுவிட்சைப் போட்டதும் எஸ்எம்எஸ் போய்விட்டது, யுபிஐ ஓடுகிறது. தம்பிக்கு நன்றி. வங்கிச் செயலி அப்படியேதான், நெட்பேங்கிங்குக்கு மாறிவிட்டேன்.

அங்கீகார அட்டை எனக்கு இல்லை தோழர். மாவட்டத்தில் பகுதி நேரமாக எழுதுகிற பலரும் என் நிலைதான். போனில் ஓஎஸ்ஸை மாற்றியதே குற்றம் என்று காவல் நிலையத்தில் மிரட்டினால் என்ன சொல்வது?

வழக்காடி:
ஓஎஸ்ஸை மாற்றுவதைத் தடுக்கும் சட்டம் இல்லை. ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐஎம்இஐயைத் திருத்துவதுதான் குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். கிராபீன்ஓஎஸ் அதைத் தொடுவதில்லை. போனைக் கைப்பற்றினால் பட்டியலில் ஐஎம்இஐயோடு எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். கடவுச்சொல் கேட்டால், வழக்கறிஞர் வந்த பிறகு பேசுகிறேன் என்று சொல்லுங்கள்.

திருகாணி:
அதோடு கைரேகைத் திறப்பை எடுத்துவிட்டு நீளமான கடவுச்சொல் வையுங்கள் அண்ணா. திறக்காமலே கிடந்தால் 18 மணி நேரத்தில் போன் தானாக ரீபூட் ஆகும். அப்படி ஆகிவிட்டால் கடவுச்சொல் போடும்வரை உள்ளே இருப்பது பூட்டியே இருக்கும். செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதியில் அந்த நேரத்தை 4 மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள்.