ஹாலோ பாடி கிற்றாருக்குப் பன்னிரண்டா பத்தா, ஹம்பக்கரா பி-90ஆ?

உப்புவெளியான்:
பழைய ஹாலோ பாடி (உடல் உள்ளே வெற்றான) எலெக்ட்ரிக் கிற்றார் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. கிப்சன் 175 மாதிரி, லேமினேட் பலகை, ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) 24.75 அங்குலம், கழுத்துப் பக்கம் ஒரு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் காந்தப் பிக்கப்). கம்பிகளைத் தாங்கும் மரப் பிரிட்ஜ், ஒட்டாமல் சும்மா மேலே நிற்கிறது. போட்டிருப்பது 10-46 ரவுண்ட்வவுண்ட் (உருண்டைச் சுற்றுக் கம்பி; முதல் கம்பி விட்டம் அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு, ஆறாவது 46). அழுத்தி அடித்தால் பிரிட்ஜ் நகர்கிறது, மூன்றாவது கம்பி மேலே போகப் போகச் சுருதி ஏறுகிறது. சீசனில் ஹோட்டல்களில் வாசிக்க வேணும், ஞாயிறு சேர்ச்சிலும். 12இல் தொடங்கும் பிளாட்வவுண்ட் (தட்டைச் சுற்றுக் கம்பி) போடவா, பிக்கப்பை பி-90 (ஒற்றைச் சுருள்) ஆக்கவா? காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது.

கோட்டையடி:
தம்பி, கம்பியை மாற்றும். அந்தப் பிரிட்ஜைப் பிடித்து வைத்திருப்பதே கம்பியின் அழுத்தம்தான். ஒரே ஸ்கேல், ஒரே சுருதி என்றால் இழுவிசை விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும், முதல் கம்பி 10இலிருந்து 12 ஆனால் 44 சதவீதம் கூட. மூன்றாவது கம்பியின் வியாதியும் அதேதான். பழைய பாணி மரச் சேடில் (பிரிட்ஜில் கம்பி அமரும் மேல் பகுதி) சுற்றுக் கம்பிக்கென்று (மேலே மெல்லிய கம்பி சுற்றியதற்கென்று) வெட்டியது, உம்முடைய 10 செட்டில் மூன்றாவது சுற்றில்லாதது, பிறகு எப்படிச் சுருதி நிற்கும்? சுற்று மூன்றாவது உள்ள 12-52 போடும். பிக்கப்பில் கை வைக்க வேண்டாம்.

டச்பே_ரவுண்ட்:
அண்ணை, ஜாஸ் மட்டும் வாசிக்கிறவனுக்கு அது சரி. ஹோட்டலில் பைலா கேட்பார்கள், பழைய சினிமாப் பாட்டுக் கேட்பார்கள், கம்பியை வளைக்காமல் என்ன செய்வது? சுற்று மூன்றாவதை அரைச் சுரம் வளைக்கவே விரல் போய்விடும். அமெரிக்கக் கிற்றார்காரர் பிரையன் செட்சர் அவ்வளவு பெரிய கிரெட்ச் ஹாலோ பாடியில் 10 போட்டுத்தானே வாசிக்கிறார். பிரிட்ஜ் நகர்ந்தால் ஊசி அடித்து நிறுத்தலாம். மச்சான், நீ பி-90 போடு. அந்த 175 1949இல் வந்தபோது அதில் இருந்ததே பி-90, ஹம்பக்கர் 1957இல்தான் ஏறியது.

கோட்டையடி:
ஊசி நகர்வதை நிறுத்தும், சுருதியைத் திருத்தாது. பி-90 நல்ல பிக்கப், நான் மறுக்கவில்லை, ஆனால் ஒற்றைச் சுருள். ஹோட்டல் மேடையில் அலங்கார லைட் டிம்மருக்குப் பக்கத்தில் நின்று பாரும், வாசிப்பதை நிறுத்தும் இடத்திலெல்லாம் நம் 50 ஹேர்ட்ஸ் கரண்ட் பாடும். ஹம்பக்கரைச் செய்த கிப்சன் பொறியாளர் சேத் லவர் இரண்டு சுருளை எதிரெதிராக வைத்ததே அந்த இரைச்சலை வெட்டத்தான். அப்புறம் விரல் போய்விடும் என்ற பயம்: 24.75 ஸ்கேலில் இழுவிசை ஃபெண்டரின் 25.5ஐ விட 6 சதவீதம் அளவு குறைவு. 12 நீங்கள் நினைக்கிற அளவு முரடில்லை.

சீனக்குடா:
இருவரும் சண்டை பிடியுங்கள், ஒன்று மட்டும் கவனம். கடையில் 12 என்று கேட்டால் அக்கூஸ்டிக் பிரான்ஸ் செட்டை எடுத்து நீட்டுவார்கள். பிரான்ஸ் சுற்றைக் காந்தப் பிக்கப் பிடிக்காது, உள்ளே இருக்கும் உருக்குக் கம்பி மட்டும்தான் கேட்கும். அடிக்கம்பிகள் மெலிந்து, முதல் இரண்டும் கத்தும். நிக்கல் அல்லது ஸ்டீல் என்று கேட்டு வாங்கு. பிளாட்டில் வியர்வை தங்க இடுக்குக் குறைவு, கடல் காற்றில் கூட நாள் நிற்கும். ஆனால் முதல் இரண்டு கம்பி எந்தச் செட்டிலும் வெறும் உருக்குத்தான், துரு பிடிக்கும், தனியாக வாங்கி வை. ஃபீட்பேக் (ஸ்பீக்கர் சத்தம் கிற்றாருக்குத் திரும்பி ஊளையிடுவது) வந்தால் மேற்பலகையின் எஃப் வடிவத் துளையில் ஸ்பஞ்ச் அடை, அதற்கு ஒரு சதமும் வேண்டாம்.

டச்பே_ரவுண்ட்:
சரி, 11 என்றால் பாதி வழி வருவேன். பிளாட்டுக்கு வரமாட்டேன். கடற்கரையில் திறந்த வெளியில் அந்தச் சத்தம் போர்வைக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கும்.

உப்புவெளியான்:
12 பிளாட் ஒரு செட் சொல்லிவிட்டேன். பிக்கப்பை அடுத்த சீசனுக்குப் பார்ப்போம். நட் (கழுத்து உச்சியில் கம்பிக் காடிகள் உள்ள துண்டு) அரைக்க வேணுமா அண்ணை?

கோட்டையடி:
கம்பி காடியில் முழுதாக இறங்காவிட்டால் அரைக்கத்தான் வேணும், கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடும் கொஞ்சம் இறுக்க வேண்டி வரும். ஆறையும் ஒன்றாகக் கழற்றிவிடாதையும், பிரிட்ஜ் கையோடு வந்துவிடும். முதலில் அது நிற்கும் இடத்தை டேப்பால் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றும்.