எச்டி டிவிடியா, ப்ளூ-ரேயா, 4கேயா? மலையில் இருப்பவர்கள் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை (அனுபவப் பகிர்வு)

கேத்தி வாசி

எஸ்டேட் பங்களா காலி செய்யும் இடங்களிலும், ஊட்டி, குன்னூர் பழைய சாமான் கடைகளிலும் தோஷிபா எச்டி டிவிடி பிளேயர்கள் (ப்ளூ-ரேயோடு மோதி 2008-ல் தோற்றுப்போன டிஸ்க் வகை) பெட்டி நிறைய டிஸ்க்கோடு விலைக்கு வருகின்றன. இன்னொரு பக்கம், புதிதாக 4கே (ப்ளூ-ரேக்கு அடுத்து வந்த, இன்னும் தெளிவான வகை) டிஸ்க் பிளேயர் வாங்கலாமா என்ற யோசனையும் இருக்கிறது. போட்டியில் தோற்ற வகையை மலிவாக எடுப்பதா, ஓடிக்கொண்டிருக்கும் வகையில் பணம் போடுவதா? ஆரம்பத்திலேயே வாங்கியவர்கள், ரிப்பேர் பார்த்தவர்கள் சொல்லுங்க. எது கெடும், ஏன் கெடும் என்ற அளவுக்கு விவரம் வேண்டும்.

பெட்போர்டு சர்வீஸ்

விலை பேசும் முன் பிளேயரைத் திருப்பிப் பின்பக்க ஸ்டிக்கரைப் படிங்க. 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அது அமெரிக்க மாடல். நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் பவர் சப்ளை அந்த நிமிடமே போய்விடும். எச்டி-ஏ2, ஏ3, ஏ30 எல்லாம் அந்த ரகம். எச்டி-இ1, இபி30 ஐரோப்பாவுக்காக வந்தவை, நேராகவே ஓடும்.

அமெரிக்க மாடலுக்கு 230-ஐ 110-ஆக இறக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். ஸ்டிக்கரில் போட்டிருக்கும் வாட் அளவுக்கு இரண்டு மடங்கு விஏ (டிரான்ஸ்பார்மர் தாங்கும் சுமையின் அளவு) உள்ளதாக எடுங்க. முதல் மாடலான எச்டி-ஏ1 உள்ளே ஏறக்குறைய ஒரு பென்டியம் 4 கம்ப்யூட்டர்தான், அதற்கு 200 விஏ எடுத்தால் கவலையில்லை. உள்ளங்கையில் அடங்கும் டிராவல் கன்வர்ட்டரை மட்டும் தொடவே தொடாதீங்க. ஹேர் டிரையர் போன்ற சூடாக்கும் சாதனங்களுக்காக அது மின்அலையை வெட்டிக் கொடுக்கிறது. பிளேயரில் இருக்கும் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை அதில் வெந்துவிடும். 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் வித்தியாசத்தால் ஒன்றும் ஆகாது. லைன் கடைசியில் இருக்கும் ஹட்டிகளில் (படகர் ஊர்களில்) சாயந்தரமானால் வோல்ட்டேஜ் இறங்கும். அங்கே சுவரில் ஸ்டெபிலைசர், அதற்குப் பின்னால் டிரான்ஸ்பார்மர், பிறகு பிளேயர் என்ற வரிசை மாறக் கூடாது.

"எச்டி டிஸ்க் கிடைக்காவிட்டாலும் நல்ல டிவிடி பிளேயராக வைத்துக்கொள்ளலாம்" என்று கடைக்காரர் சொல்வார். அமெரிக்க மாடலில் அது நடக்காது. இந்திய டிவிடி பெரும்பாலும் பிஏஎல் (பால்) என்ற ஒளிபரப்பு முறை, மண்டலம் 5 (எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்று போடும் பூட்டின் எண்). அந்தப் பிளேயருக்குத் தெரிந்தது என்டிஎஸ்சி முறையும் மண்டலம் 1-ம்தான். வெளிநாட்டுத் தமிழர்களுக்காக என்டிஎஸ்சியில், மண்டலப் பூட்டு இல்லாமல் வந்த தமிழ்ப் பட டிவிடிகள் ஓடும். உள்ளூரில் வாங்கியவை நின்றுவிடும்.

அடுத்தது பிக்கப், அதாவது டிஸ்க்கைப் படிக்கும் லேசரும் லென்ஸும் சேர்ந்த பாகம். இந்தப் பிளேயர்களில் டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், எச்டி டிஸ்க்குக்கு 405 நானோமீட்டர் நீல லேசர் என இரண்டு டயோடு தனித்தனி. டிவிடி சுத்தமாக ஓடி, எச்டி டிஸ்க் போட்டால் மட்டும் சுற்றிச் சுற்றி நிற்கிறதென்றால் மோட்டார் மேல் பழி போடாதீங்க. ஒன்று நீல டயோடு ஓய்ந்திருக்கிறது, இல்லையென்றால் லென்ஸில் படலம். மேல் மூடியைத் திறந்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து லென்ஸைப் பாருங்க. குன்னூர், ஊட்டி வீடுகளில் மூன்று நான்கு மழைக்காலம் சும்மா கிடந்த பிளேயரில் சிலந்தி நூல் மாதிரி மெல்லிய வெள்ளை இழைகள் விளிம்பிலிருந்து நடுவுக்கு ஓடியிருக்கும். அதுதான் பூசணம். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியின் நுனி ஈரமாகிற அளவுக்கு மட்டும் தொட்டு, நடுவிலிருந்து வெளியே ஒரே ஒரு தடவை, அழுத்தாமல் இழுத்து எடுக்கணும். லென்ஸ் தொங்குவது தலைமுடி போன்ற கம்பிகளில். சானிடைசர் வேண்டாம். அதில் தண்ணீரும் கிளிசரினும் உண்டு, காய்ந்ததும் புதுப் படலம் ஒட்டும்.

டயோடு போயிருந்தால் கதை முடிந்தது. எச்டி டிவிடி பிக்கப் இப்போது யாரும் செய்வதில்லை, இன்னொரு செத்த பிளேயரிலிருந்து கழற்றுவதுதான் ஒரே வழி. பழைய பிளேஸ்டேஷன் 3-ன் கேஇஎஸ்-400ஏ பிக்கப் தேடினால் கிடைக்கிறது. தோற்ற வகையை வாங்குவதற்கும் ஜெயித்த வகையின் பழைய பிளேயரை வாங்குவதற்கும் எனக்குத் தெரிந்து பெரிய வித்தியாசம் இதுதான்.

ஃபர்ன்ஹில்

பழசை விடுங்க, முந்திக்கொண்டு வாங்குகிற கேள்விக்கு வருகிறேன். 2006-07-ல் ஆரம்பத்திலேயே வாங்கியவர்கள் இரண்டு விஷயத்தைப் பார்த்தார்கள்: பிளேயர் விலை, டிஸ்க்கின் கொள்ளளவு. இரண்டுமே சரியான அளவுகோல் இல்லை.

தோஷிபாவின் எச்டி டிவிடி 2006 மார்ச் 31-ல் ஜப்பானில் வந்தது. ஏப்ரலில் அமெரிக்காவில், 499 டாலர். ஜூனில் வந்த சாம்சங்கின் முதல் ப்ளூ-ரே பிளேயர் கிட்டத்தட்ட 1,000 டாலர். விலையில் எச்டி டிவிடி முன்னால் நின்றது. கொள்ளளவில் எச்டி டிவிடி ஒரு அடுக்குக்கு 15 ஜிபி, ப்ளூ-ரே 25 ஜிபி. ஆனால் ஆரம்ப ப்ளூ-ரே டிஸ்க்குகள் பல ஒற்றை அடுக்கில், பழைய எம்பெக்-2 என்ற படச் சுருக்க முறையில் வந்ததால், குறைந்த கொள்ளளவுள்ள எச்டி டிவிடியில் படம் இன்னும் தெளிவாக இருந்தது. காகிதத்தில் எழுதிய எண் திரையில் தெரியவில்லை.

முடிவு செய்தது ஸ்டூடியோக்கள். சோனி, டிஸ்னி, ஃபாக்ஸ் ப்ளூ-ரே பக்கம். யுனிவர்சல் எச்டி டிவிடி பக்கம். 2007 ஆகஸ்டில் பாரமவுண்டும் டிரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் எச்டி டிவிடிக்கு மட்டும் என்று போனார்கள். வார்னர் மட்டும் இரண்டிலும் வெளியிட்டுக்கொண்டிருந்தது. அந்த நவம்பரில் அமெரிக்க வால்மார்ட்டில் எச்டி-ஏ2 பிளேயர் 100 டாலருக்கும் கீழே விற்றது, ஜனம் முண்டியடித்து வாங்கியது. இரண்டே மாதத்தில், 2008 ஜனவரி 4 அன்று, வார்னர் இனி ப்ளூ-ரே மட்டும் என்று அறிவித்தது. பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ், பெஸ்ட் பை, வால்மார்ட் வரிசையாக அந்தப் பக்கம் சாய, 19-ம் தேதி தோஷிபா கடையைக் கட்டியது.

இரண்டு வகை மோதும்போது ஒரு பக்கம் நிற்பவர்களை எண்ணிப் பயனில்லை. இரண்டு பக்கமும் கால் வைத்திருப்பவர் யார், அவர் எந்தக் காலை எடுக்கிறார் என்று பாருங்க. அவர் நகரும்வரை காசை வெளியே எடுக்க வேண்டாம். விலை திடீரென்று பாதியாவதை ஜெயிக்கிற அடையாளமாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

ஜெயித்த பக்கம் முந்தியவர்களும் ஒரு இடத்தில் மாட்டினார்கள். 2007 அக்டோபர் வரை வந்த ப்ளூ-ரே பிளேயர்களுக்கு புரொஃபைல் 1.0 (அடிப்படை வசதி மட்டும் உள்ள தரநிலை) போதும் என்று விட்டிருந்தார்கள். படம் ஓடும். மூலையில் இரண்டாவது காட்சி ஓடுகிற கூடுதல் அம்சங்களோ இணைய அம்சங்களோ வராது. அதே சமயம் பிளேஸ்டேஷன் 3 வாங்கியவர்களுக்கு 2008 மார்ச்சில் ஒரு மென்பொருள் அப்டேட்டில் புரொஃபைல் 2.0 வந்தது, 2010-ல் 3டி டிஸ்க்கும் ஓடியது. ஆகவே முந்தி வாங்குவதாக இருந்தால், மென்பொருளால் வளரக்கூடிய கருவியாகப் பாருங்க.

நம்ம ஊரில் கணக்கே வேறு. 2007-ல் மோசர் பேயர் நிறுவனம் டிவிடியை 34 ரூபாய்க்கும் விசிடியை 28 ரூபாய்க்கும் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த விலையில் தமிழ்ப் படம் கிடைக்கும்போது இங்கே பொறுத்திருந்தவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

கேத்தி வாசி

ரொம்ப நன்றிங்க. கடையில் இருப்பது எச்டி-ஏ3, 120 வோல்ட். டிஸ்க் மட்டும் வாங்கி, இரண்டையும் படிக்கிற ஏதாவது ஒன்றில் போட முடியாதா?

பெட்போர்டு சர்வீஸ்

முடியும். அந்தச் சண்டை நடந்தபோதே எல்ஜி பிஎச்100, சாம்சங் பிடி-யுபி5000 என்று இரண்டையும் ஏற்கும் பிளேயர்கள் வந்தன. பிஎச்100-ல் எச்டி டிவிடியின் மெனு முழுதாக வேலை செய்யாது. இங்கே அவை கண்ணில் படுவதும் அபூர்வம். கம்ப்யூட்டர் டிரைவ்தான் சுலபம்: எல்ஜி ஜிஜிசி-எச்20எல் சாட்டா டிரைவ், அல்லது எக்ஸ்பாக்ஸ் 360-க்கு என்று தனியாக விற்ற யுஎஸ்பி எச்டி டிவிடி டிரைவ். பட மென்பொருளின் புதிய பதிப்புகளில் எச்டி டிவிடி ஆதரவை எடுத்துவிட்டார்கள், பழைய பதிப்பு வேண்டியிருக்கும்.

டிஸ்க் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்க தம்பி. 30 ஜிபி டிஸ்க்கில் இரண்டு அடுக்கு. கெட்டுப்போன டிஸ்க்கில் பலவும் முதல் பாதி அருமையாக ஓடி, இரண்டாம் அடுக்குக்குத் தாவும் இடத்தில் உறையும். முதல் பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் காசைக் கொடுக்காமல் கடைசி மூன்று அத்தியாயங்களுக்குத் தாவிப் பாருங்க. ஒரு பக்கம் டிவிடி, மறுபக்கம் எச்டி என்று வந்த டிஸ்க் என்றால் கூடுதல் கவனம், அதில் தகராறு அதிகம். ஒட்டு விட்டு உள்ளே காற்று ஏறிய டிஸ்க்கை எந்தக் கழுவலும் காப்பாற்றாது.

கோடை நாயுடுபுரம்

கழுவுவது பற்றி நான் சொல்றேன். கொடைக்கானலில் ஐப்பசி, கார்த்திகை மழையில் முதலில் பூசணம் பிடிப்பது உறைக்குள் இருக்கும் அச்சுக் காகிதத்தில். அதிலிருந்துதான் டிஸ்க்குக்கு ஏறும். காகிதத்தைத் தனியாக எடுத்து வையுங்க. டிஸ்க்கை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, விரல் நுனியால் நடுத்துளையிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்கணும். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடி, பிளேயரின் பிழைதிருத்தம் திணறும். பஞ்சு உதிராத துணியால் ஒற்றி எடுத்து நிழலில் காய வைக்கணும்.

கீறலை பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்பார்கள். டிவிடிக்கும் எச்டி டிவிடிக்கும் தகவல் அடுக்கு 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருப்பதால் லேசாகச் சுரண்டலாம். ப்ளூ-ரேயில் அது வெறும் 0.1 மில்லிமீட்டர். மேலே கடினப் பூச்சு இருப்பதால் சீக்கிரம் கீறாது. ஆனால் பாலிஷ் மெஷினில் கொடுத்தால் அந்தப் பூச்சே போய்விடும், பிறகு மீட்சி கிடையாது. பிரஷ் வைத்த கிளீனிங் டிஸ்க்கும் ப்ளூ-ரேக்கு ஆபத்து, லென்ஸ் டிஸ்க்குக்கு அவ்வளவு நெருக்கமாக நிற்கும்.

அலமாரியில் அந்துருண்டை போடுகிற பழக்கம் மலையில் எல்லா வீட்டிலும் உண்டு. டிஸ்க் இருக்கும் அலமாரியில் அது கூடாது. அந்த ஆவி பிளாஸ்டிக் பெட்டியை இளக்கி, டிஸ்க்கில் படலமாகப் படியும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் டிஸ்க்குகளை நிறுத்தி வைத்து, நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரப்பதமானியும் உள்ளே போடுங்க. 50 சதவீதத்துக்குக் கீழே நின்றால் போதும். ஜெல் நிறம் மாறினால் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் பழையபடி ஆகும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் இருக்கிறது, சமையல் பாத்திரத்தில் சூடாக்க வேண்டாம்.

கூடலூர்

மண்டலம் பற்றி யாரும் முழுசாகச் சொல்லவில்லை. எச்டி டிவிடிக்கு மண்டலப் பூட்டு கிடையாது. ப்ளூ-ரேக்கு உண்டு: இந்தியா சி. துபாயிலிருந்து சொந்தக்காரர் கொண்டு வருவது பி, சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்காவிலிருந்து வருவது ஏ. உறையின் பின்பக்கம் உருண்டைக் குறியில் எழுத்து இருக்கும், மூன்றும் இருந்தால் எங்கும் ஓடும். 4கே டிஸ்க்குக்குப் பூட்டு இல்லை. ஆனால் 4கே பிளேயரில் சாதாரண ப்ளூ-ரே போட்டால் அந்தப் பிளேயரின் பூட்டு வேலை செய்யும். பிளேயரை எங்கிருந்து தருவிக்கிறோம் என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்யணும். இன்னொன்று, பல ப்ளூ-ரே பிளேயர்கள் விசிடியை ஏற்காது. வீட்டில் கல்யாண விசிடி இருந்தால் பழைய டிவிடி பிளேயரைத் தூக்கிப் போட்டுவிடாதீங்க.

ஃபர்ன்ஹில்

4கே விஷயத்தில் எதிராளி கிடையாது, அதனால் 2008 மாதிரி ஒரே நாளில் சாகாது. ஆனால் தயாரிப்பாளர்கள் குறைகிறார்கள். ஓப்போ 2018-ல் விலகியது, சாம்சங் 2019-ல் புதுப் பிளேயர் இல்லை என்றது, பிறகு எல்ஜியும் நிறுத்தியது. இப்போது நம்பி வாங்கக்கூடியவை பானசோனிக்கும் சோனியும்.

இன்றைய போட்டி டிஸ்க்குக்குள்ளே, எச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் கூடுதல் விரிவாகத் தெரியும் படமுறை) வகைகளுக்கு நடுவே நடக்கிறது. எச்டிஆர்10 எல்லா எச்டிஆர் டிஸ்க்கிலும் உண்டு. டால்பி விஷனும் எச்டிஆர்10பிளஸும் விருப்பத்துக்கு. சாம்சங் டிவி டால்பி விஷனைக் காட்டாது. டிவி எது என்று பார்த்த பிறகே பிளேயர். பானசோனிக் யுபி820 இரண்டையும் கொடுக்கும். சோனி எக்ஸ்700-ல் டால்பி விஷனை டிஸ்க்குக்குத் தக்கபடி கையால் மாற்ற வேண்டும். கம்ப்யூட்டரில் பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம். அதற்குத் தேவையான எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதியை இன்டெல் 11-ம் தலைமுறையிலிருந்தே டெஸ்க்டாப் சிப்களில் நீக்கிவிட்டது.

நான் வாங்கச் சொல்லுவேன், மலையில் இருப்பதால் இன்னும் அழுத்திச் சொல்லுவேன். ஆனி ஆடிக் காற்றில் மரம் விழுந்து கேபிள் அறுந்தால் ஸ்ட்ரீமிங் நாள் கணக்கில் இல்லை. டிஸ்க்கில் வினாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேலும் போகும், ஸ்ட்ரீமிங் அதில் நாலில் ஒரு பங்கு வந்தால் பெரிது. திரும்பத் திரும்பப் பார்க்கிற படம் குறைந்தது பத்து உங்கள் பட்டியலில் இருந்தால் அந்தக் காசு வீண் இல்லை. இல்லையென்றால் வேண்டாம்.

பெட்போர்டு சர்வீஸ்

வாங்கினால் இரண்டு விஷயம். மார்கழி, தை உறைபனியில் குளிர்ந்து கிடக்கும் அறையில் ஹீட்டரைப் போட்டதும் லென்ஸில் நீர் கோர்க்கும், டிஸ்க் படிக்காது. பிளேயரை டிஸ்க் இல்லாமல் ஆன் செய்து ஒரு மணி, இரண்டு மணி நேரம் விட்டால் தானே காயும். துடைக்கப் போகாதீங்க.

இன்னொன்று ஃபர்ம்வேர், அதாவது பிளேயருக்குள் இருக்கும் மென்பொருள். புது டிஸ்க்குகளின் பாதுகாப்புச் சாவி மாறிக்கொண்டே இருக்கும், அப்டேட் போடாத பிளேயர் ஒருநாள் புது டிஸ்க்கை மறுக்கும். பென்டிரைவை ஃபேட்32-ல் ஃபார்மட் செய்து, ஜிப்பை விரித்து, உள்ளிருக்கும் கோப்பை எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் வெளியே வைத்துச் சொருகணும். அப்டேட் நடுவில் கரண்ட் போனால் போர்டு பேசாமல் போய்விடும். கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் பிளேயரை மட்டும் மாட்டி, காற்று இல்லாத காலை நேரத்தில் செய்யுங்க. திரை கறுத்தாலும் முன்பக்க எழுத்து முழுதாக அணையும்வரை பிளக்கைத் தொடக் கூடாது.