ஓசூர்ல இருந்து பெங்களூர் யுனிவர்சிட்டில ஒரு பேப்பர் மட்டும் எடுக்க முடியுமா?

ஓசூர்க்காரி:
எம்.எஸ்சி. கணிதம், மூணாவது செமஸ்டர் தொடங்கப்போகுது. கிருஷ்ணகிரி மாவட்டத்துல அரசு கல்லூரி, பெரியார் பல்கலைக்கழக இணைப்பு. கிராஃப் தியரி எலக்டிவ் (விருப்பப்பாடம்) எங்க டிபார்ட்மென்ட்ல இல்ல. பெங்களூர் 40 கி.மீ. தான். அங்க அந்த ஒரு பேப்பரை மட்டும் படிச்சு, மார்க்கை நம்ம மார்க்‌ஷீட்ல சேர்க்க வழி இருக்கா?

பாடத்திட்டம்:
கிளாஸ்ல உட்கார்றது வேற, கிரெடிட் (டிகிரிக்குக் கணக்காகுற பாடப் புள்ளி) வாங்குறது வேற. பேராசிரியர் சம்மதிச்சா பின் பெஞ்ச்ல உட்காரலாம், ஆனா மார்க்‌ஷீட்ல ஒண்ணும் ஏறாது. கிரெடிட் வேணும்னா ரெண்டு பல்கலைக்கழகமும் ஏபிசில (கிரெடிட் வங்கி, பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2021ல கொண்டு வந்தது) இருக்கணும், அவங்க உங்களைச் சேர்த்துக்கணும், நம்ம பக்கம் அதை ஏத்துக்கணும். இந்த மூணாவதுலதான் பெரும்பாலும் நிக்கும். போதாததுக்கு, ரெண்டு இடத்துலயும் வருகைப்பதிவு பார்ப்பாங்க, தேர்வு தேதி மோதும். ஒரு பேப்பருக்கு இவ்வளவு அலைச்சல் வேண்டாம்னுதான் சொல்வேன். ஸ்வயம் (மத்திய அரசோட ஆன்லைன் கோர்ஸ் தளம்) பாருங்க.

என்பிடெல்_பழசு:
ஆமா, ஸ்வயம்தான் சரி. யூஜிசியோட 2021 விதிப்படி ஒரு செமஸ்டர்ல உள்ள பேப்பர்கள்ல 40% வரைக்கும் ஸ்வயம்ல எடுக்கலாம். அஞ்சு பேப்பர்னா ரெண்டு. ஆனா கல்லூரி அனுமதிச்ச கோர்ஸா இருக்கணும். பொதுவா 12 வாரக் கோர்ஸ் 3 கிரெடிட், 8 வாரம் 2. உங்க எலக்டிவ் 4 கிரெடிட்னா அந்த ஒண்ணு எங்க இருந்து வரும்னு முதல்லயே கேட்டுடுங்க.

கோர்ஸ்ல சேர்றது இலவசம். தேர்வுக்குத் தனியா பதிவு பண்ணி கட்டணம் கட்டணும். சேர்ந்தாச்சுன்னு நிம்மதியா இருந்து இந்தத் தேதியைத் தவற விடுறவங்கதான் அதிகம். தேர்வு நேர்ல, நீங்க தேர்ந்தெடுத்த ஊர்ல.

மார்க் கணக்கு (ஸ்வயம்ல ஐஐடிகள் நடத்துற என்பிடெல் கோர்ஸ்ல, 12 வாரம்னா): 12 அசைன்மென்ட்ல சிறந்த 8க்கு சராசரி, அது 25க்கு. தேர்வு 75க்கு. சான்றிதழுக்கு 25ல 10ம் 75ல 30ம் தனித்தனியா வேணும். மூணு அசைன்மென்ட் மட்டும் போட்டு மூணுலயும் நூறு வாங்கினாலும் 300ஐ எட்டால வகுத்தா 37.5, அதாவது 25க்கு 9.4தான். தேர்வுல 70 வாங்கியும் சான்றிதழ் வராது.

ஓசூர்க்காரி:
அனுமதி யார்கிட்ட வாங்கணும், எப்போ?

பாடத்திட்டம்:
கோர்ஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. முடிச்சிட்டு சான்றிதழோட போய் நின்னா யாரும் பொறுப்பேத்துக்க மாட்டாங்க. கோர்ஸ் பேர், வாரங்கள், கிரெடிட், நடத்துற நிறுவனம், எந்த எலக்டிவுக்குப் பதிலா, இவ்வளவும் எழுதி, ரெண்டு பாடத்திட்டத்தையும் பக்கத்துப் பக்கம் வெச்சு அச்செடுத்து ஹெச்ஓடி (துறைத் தலைவர்) வழியா முதல்வருக்குக் கொடுங்க. கையெழுத்தான நகல் ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும். "சரிம்மா, பண்ணிக்கோ"ன்னு வாயால சொன்னது தேர்வுப் பிரிவுல செல்லாது.

இனிஷியல்_பிரச்சனை:
யாரும் சொல்லாத ஒண்ணு. பத்தாவது மார்க்‌ஷீட்ல "கவிதா ம", ஆதார்ல "கவிதா மாதேஷ்"னு இருந்தா ஏபிசி ஐடி எடுக்கும்போதோ கிரெடிட் ஏத்தும்போதோ மாட்டும். டிஜிலாக்கர்ல 12 இலக்க ஐடி எடுக்கறதுக்கு முன்னாடி ஆதாரைத் திருத்திடுங்க. ஸ்வயம்ல கொடுக்குற பேர்தான் சான்றிதழ்ல அச்சாகும், அதனால அதையும் கல்லூரிப் பதிவேட்டுல இருக்கற மாதிரியே, இனிஷியல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே போடுங்க.