கண்மாயில் தூண்டில் போடக் கூட்டிப்போவது: எந்தத் தண்ணீர், என்ன சாமான், யாரை எங்கே நிறுத்துவது?

தேவிபட்டினம் கரை:

வணக்கம். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி பக்கம் வந்து தங்குகிறவர்களில் சிலர், கடல் வேண்டாம், நல்லதண்ணீர்க் கண்மாயில் தூண்டில் போட வேண்டும் என்று கேட்கிறார்கள். ஜனவரி கடைசி வாரம் ஆறு பேர் வருகிறார்கள். இரண்டு பேர் ராடு, ரீல் நன்றாகப் பழகியவர்கள், அவர்களுக்கு விரால் மட்டும்தான் வேண்டுமாம். மூன்று பேர் தூண்டிலைத் தொட்டதே இல்லை, அதில் ஒருவன் பத்து வயதுப் பையன். இன்னொருவருக்கு 65 வயது, முழங்கால் வலி, நின்று வீச முடியாது. படகு கிடையாது, கரையில் இருந்தேதான்.

யாரிடம் அனுமதி கேட்பது? எந்த மாதிரிக் கண்மாய் சரிப்படும்? ஆளுக்கு என்ன சாமான் கொடுப்பது? கடலுக்கு வைத்திருக்கும் 12 அடி ராடு மூன்றும், 3000, 6000 அளவு ரீல்களும் கையில் இருக்கின்றன. அவை ஆகுமா?

நாற்பத்தெட்டு மடை:

முதலில் எங்கே போகக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை, மேலச்செல்வனூர் கீழச்செல்வனூர் எல்லாம் பறவைகள் சரணாலயம். முதல் இரண்டும் 2022-லும், அடுத்த இரண்டும் 2025-லும் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. ஜனவரியில் அங்கே கருவேல மரங்களில் கூடும் குஞ்சும் இருக்கும். தூண்டிலோடு அந்தக் கரையில் ஏறவே வேண்டாம்.

மற்றக் கண்மாய்களில் தண்ணீர் யாருடையது, மீன் யாருடையது என்று இரண்டு கேள்வி. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ளது நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். ஆனால் மீன்பாசி, அதாவது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் போயிருந்தால் மீன் குத்தகைக்காரருடையது. ஏலம் பெரும்பாலும் பசலிக் கணக்கில், அதாவது ஜூலையில் இருந்து ஜூன் வரை. போன வருடம் சரி என்றவர் இந்த வருடம் குத்தகைக்காரராக இல்லாமல் போகலாம், ஒவ்வொரு முறையும் கேளுங்கள். ஊர்ப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தலைக்கு இவ்வளவு என்றா, பிடித்த மீனுக்குக் கிலோ கணக்கா என்பதை முதல் நாளே பேசி முடித்து, கரையிலேயே கொக்கித் தராசில் நிறுத்துக் காட்டுங்கள். தகராறு வருவது எப்போதும் இந்த இடத்தில்தான்.

குத்தகைக்காரரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இன்னொன்று: போன கோடையில் கண்மாய் வற்றியதா, இந்த முறை குஞ்சு எப்போது விட்டார்கள்? வற்றியிருந்தால், நவம்பரில் விட்ட கட்லா, ரோகு குஞ்சு ஜனவரியில் கை அகலம்கூட வந்திருக்காது. பெரிய கெண்டை என்று வாக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். வற்றிய கண்மாயிலும் விரால், தேளி கிடைக்கும். இரண்டும் வெளிக்காற்றைச் சுவாசிக்கிற மீன், கொஞ்சம் சேறும் ஈரமும் இருந்தால் தாக்குப்பிடித்து, மழையோடு திரும்பி வரும். எனவே உங்கள் கூட்டத்துக்குக் கரையடிப் பள்ளத்தில் கோடையிலும் தண்ணீர் நின்ற கண்மாயாகத் தேடுங்கள்.

"நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று பெயரெடுத்த ஆர்.எஸ். மங்கலம் கண்மாய் உங்களுக்குப் பக்கம்தான். ஆனால் பழகாத ஆட்களை அவ்வளவு பெரிய தண்ணீரில் பரவ விடாதீர்கள். ஒரே பார்வையில் கரை முழுதும் தெரிகிற நடுத்தரக் கண்மாய்தான் இந்த ஆறு பேருக்கு ஏற்றது.

காற்றையும் கணக்கில் எடுங்கள். ஜனவரியில் வடகிழக்கில் இருந்து வாடைக்காற்று வீசும். கரை கிழக்குப் பக்கமாக உள்ள கண்மாயில் வாடை முதுகுப் பக்கமாக வரும், தவளை லூர் (விராலுக்குப் போடும் ரப்பர்த் தவளை) தூரமாய்ப் போகும். எதிர்க்காற்றில் 12 கிராம் தவளை பாதி வழியிலேயே விழுந்து, பிரெய்டு (பின்னல் நரம்பு) ரீலில் சிக்கலாகும். சிக்கலெடுத்தே பாதிக் காலை போய்விடும்.

உள்வாய் விரால்:

விரால் கேட்கும் இருவருக்குக் கடல் ராடு ஆகாது. 12 அடி ராடு 100 கிராம் ஈயத்துக்குச் செய்தது, 12 கிராம் தவளையை அதால் குறிபார்த்துப் போட முடியாது. ஆறரை அல்லது 7 அடி, நடுத்தரத்துக்கு மேல் விறைப்புள்ள ராடு வேண்டும். 3000 ரீல் போதும். அதைக் கழற்றி நல்லதண்ணீரில் கழுவி, நரம்பு உருளையில் (நரம்பு ஓடும் சின்னச் சக்கரம்) ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விடுங்கள். அங்கே உப்பு காய்ந்திருந்தால் உருளை சுற்றாமல் பிரெய்டை அறுத்துவிடும். பிரெய்டு 30 முதல் 40 பவுண்டு. பாலோமர் முடிச்சு (நரம்பை இரட்டையாக மடித்துப் போடுவது) போடுங்கள், இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனைத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் தவளையை வாங்கியபடியே போடுகிறவர்கள்தான் விராலைத் தவறவிடுகிறார்கள். இரண்டு முள்ளும் தவளை முதுகோடு ஒட்டியிருக்கும். கொறடால் ஒவ்வொன்றையும் 1 அல்லது 2 மில்லிமீட்டர் வெளிப்பக்கமாக விரியுங்கள். அதற்கு மேல் விரித்தால் வேலம்பாசியை வாரிக்கொண்டு வரும். விரால் கால் இழையை மட்டும் கவ்விவிட்டுப் போனால், இழையை ஒரு விரல் அகலம் கத்தரித்து விடுங்கள். பத்து வீச்சுக்கு ஒரு தடவை தவளையை அமுக்கி உள்ளே போன தண்ணீரைப் பிழிந்துவிட வேண்டும். தண்ணீர் ஏறினால் வால் தாழ்ந்து, மிதக்காமல் பாசிக்குள் இறங்கிவிடும்.

சம்பு, கோரை ஓரம், அல்லி இலைக்கு நடுவே தெரியும் சின்னச் சின்னத் திறப்பு, இவைதான் இடம். திறப்புக்கு நேரே போடாதீர்கள், சத்தத்தில் விலகிவிடும். ஒன்றிரண்டு மீட்டர் தாண்டிப் போட்டு, இலைமேல் இழுத்து வந்து, திறப்பில் 3, 4 நொடி நிறுத்துங்கள். பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் அடி விழும். "டொப்" என்று சத்தம் கேட்ட நொடியே ராடைத் தூக்கினால் தவளை மட்டும் பறந்து வரும். தவளை மறைந்ததும் ஒன்று, இரண்டு எண்ணி, ராடு நுனியைத் தாழ்த்தி, தளர்ந்த நரம்பைச் சுற்றி எடுத்து, அப்புறம் ஓங்கி இழுங்கள். விரால் வாய் எலும்பு, லேசாக இழுத்தால் முள் ஏறாது. ஏறிய பிறகு தலை தண்ணீருக்கு மேலே இருக்கும்படி இலைமேலேயே சறுக்கிக் கொண்டுவாருங்கள். ஒருமுறை தலையைக் கீழே விட்டால் கொடியைச் சுற்றிக்கொள்ளும்.

நீருக்குள் நிற்கும் கருவேலக் கட்டை பிரெய்டைச் சிராய்க்கும். அரை மணிக்கு ஒருமுறை கடைசி ஒரு மீட்டரை விரலிடுக்கில் உருவிப் பாருங்கள், சொரசொரப்புத் தட்டினால் வெட்டிவிட்டுப் புதிதாக முடியுங்கள்.

நேரம்: விடியுமுன் போவதெல்லாம் ஏப்ரலுக்கு. ஜனவரியில் 7 மணிக்குப் போனால் போதும். வெயில் ஏறித் தண்ணீரின் மேல்மட்டம் சூடான பிறகே நன்றாக எழும். 11 மணிக்கு மேல் காற்று கூடினால் தவளை வேலை செய்யாது.

ஒரு வேண்டுகோள். தண்ணீருக்கு மேலே சிவப்பாக, கொதிக்கிற மாதிரிக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அங்கே தவளையைப் போட வேண்டாம். அடியில் காவல் நிற்கும் விரால் கட்டாயம் அடிக்கும், பிடிப்பது சுலபம். ஆனால் அது போனால் ஜிலேபி மீனும் கெளுத்தியும் ஒரே நாளில் குஞ்சு முழுவதையும் தின்றுவிடும். வருகிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு அடிக்குக் குறைந்த விராலையும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

தேவிபட்டினம் கரை:

மிக்க நன்றி அண்ணே, தவளை முள்ளை விரிப்பது புது விஷயம். பையனுக்கும் புதியவர்களுக்கும் என்ன கொடுக்கலாம்? அவர்களுக்கும் ராடு, ரீல் வாங்க வேண்டுமா?

கலுங்கடி:

வேண்டாம். முதல் நாள் ரீல் கொடுத்தால் அவர்கள் மீன் பிடிக்க மாட்டார்கள், வீசத்தான் பழகிக்கொண்டிருப்பார்கள். 10 முதல் 12 அடி மூங்கில் தூண்டிலே சரி. பையனுக்கு 8 அடி.

தங்கூசி (நைலான் நரம்பு) 0.20 மி.மீ., நீளம் மூங்கிலைவிட ஒரு அடி குறைவாக. அப்போதுதான் மூங்கிலைத் தூக்கினால் மீன் நெஞ்சுக்கு நேரே வரும். முள் 8-ஆம் நம்பர், கடி விழுந்தும் மாட்டாமல் போனால் 10-க்கு இறங்குங்கள். முள்ளின் எதிர்க்கொக்கியைக் கொறடால் நசுக்கி விடுங்கள். பையன் விரலில் ஏறினாலும் வழுவிக்கொண்டு வந்துவிடும்.

தக்கைதான் இதில் உயிர். நெட்டித் தக்கை கிடைத்தால் அதுவே நல்லது. முள்ளுக்கு 10 செ.மீ. மேலே ஈயக்குண்டு வைத்து, தக்கை 1 செ.மீ. மட்டும் வெளியே தெரியும்படி ஈயத்தைக் கூட்டிக் குறையுங்கள். பாதித் தக்கை வெளியே நின்றால் ஜிலேபி இழுக்கும்போதே பாரம் தெரிந்து துப்பிவிடும். தக்கை முதலில் நடுங்கும், அது கொத்துவது. சரிந்து ஒரு பக்கமாக நகரும்போது மணிக்கட்டை மட்டும் அசைத்தால் போதும். தலைக்கு மேலே ஓங்கி இழுத்தால் மீன் பின்னால் நிற்பவர் மேல் விழும்.

இரை மண்புழு, அரை அங்குலத் துண்டு. முழுப் புழு கோர்த்தால் தொங்கும் பாதியைத் தின்றுவிட்டுப் போகும். புழுவைத் தொடத் தயங்குகிறவர்களுக்கு மாவு: 200 கிராம் கோதுமை மாவு, 50 கிராம் கடலைப் புண்ணாக்குத் தூள், கட்டைவிரல் அளவு பஞ்சு பிய்த்துப் போட்டுக் கெட்டியாகப் பிசைந்து, பட்டாணி அளவு. பஞ்சு இல்லாவிட்டால் தண்ணீரில் பட்டதும் கரையும்.

மீனைக் கூட்ட ஒரு கிலோ தவிடும் கால் கிலோ புண்ணாக்கும், கரை மண்ணோடு ஆரஞ்சு அளவு உருண்டையாகப் பிடித்து முதலில் மூன்று போடுங்கள், பிறகு அரை மணிக்கு ஒன்று. ஆர்வத்தில் மொத்தத்தையும் போட்டால் மீன் வயிறு நிறைந்து, தக்கை அசையாது.

இடம், முழங்கால் ஆழத் தெளிந்த ஓரம். அடியில் தட்டு தட்டாக வட்டக் குழி தெரிந்தால் அது ஜிலேபி மண் பறித்த இடம். காலைக் குளிரில் ஜிலேபி மந்தமாக இருக்கும், இவர்களை 8 மணிக்குக் கூட்டி வந்தால் போதும்.

65 வயதுக்காரருக்கு நாற்காலி போட்டு அடித்தூண்டில். 7 அடி ராடு, 0.30 நரம்பு, 20 கிராம் ஓடுகிற ஈயம், அதற்குக் கீழே 30 செ.மீ. விட்டு 4-ஆம் நம்பர் முள், அதே மாவு எலுமிச்சை அளவில். ராடைக் கவட்டைக் குச்சியில் வைத்து நுனியில் மணி. ரீலின் டிராகை (நரம்பை விடும் இறுக்கத்தை) விரலால் இழுத்தால் வருகிற அளவுக்குத் தளர்த்தியே வையுங்கள். நாலு கிலோ கட்லா ஒன்று இழுத்தால் இறுக்கிய ராடு குச்சியோடு தண்ணீருக்குள் போகும்.

ஆறு பேருக்கு ஒரு ஆள் சமாளிக்கலாம், பக்கம் பக்கமாக நிறுத்தினால்.

வாடைக்காற்று:

கலுங்கடி சொன்ன கடைசி வரி ஒன்றை மட்டும் ஏற்க முடியவில்லை. விரால்காரர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள், மற்றவர்கள் ஒரே இடத்தில் இருப்பார்கள். இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் பையனை விட்டு நகரக் கூடாது.

காரணம் பள்ளம். வண்டல் மண் அள்ளிய கண்மாயில் முழங்கால் ஆழத்தில் இருந்து அடுத்த அடி கழுத்தாழம். கலங்கல் தண்ணீரில் தெரியாது. சிக்கிய முள்ளை எடுக்கக்கூட யாரும் இறங்கக் கூடாது, நரம்பை அறுத்துவிடுங்கள். அறுந்த தங்கூசியை மட்டும் சுருட்டிப் பையில் போட்டு எடுத்து வாருங்கள், கொக்கு, வக்கா காலில் சுற்றினால் அது பறக்க முடியாமல் செத்துப்போகும். மடை திறந்திருந்தால் 20 அடிக்குள் யாரும் நிற்க வேண்டாம், உறிஞ்சி இழுக்கும். உபரிநீர் வழியும் கலுங்கில் பாசி வழுக்கும். சீமைக் கருவேல முள் ரப்பர்ச் செருப்பைத் துளைக்கும், எல்லோருக்கும் ஷூ. கரைமேல் பம்புசெட் மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பாருங்கள்: ஈர மூங்கிலும் கார்பன் ராடும் மின்சாரம் பாய்ச்சும்.

கெளுத்தி, தேளி மாட்டினால் கையால் பிடிக்க விடாதீர்கள், துணி போட்டு அமுக்கிக் கொறடால் முள்ளைக் கழற்றுங்கள். தேளி குத்தினால் கடுப்பு மணிக்கணக்கில் இருக்கும். கை தாங்குகிற சூட்டில் வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முக்கி வைத்தால் வலி அடங்கும், எனவே ஒரு பிளாஸ்க் வெந்நீரும் ஒரு வாளியும் கட்டாயம். குத்தியதோ பத்து வயதுப் பையனை என்றால் சூட்டைப் பெரியவர் கையால் பார்த்துவிட்டே முக்குங்கள். முள் ஒடிந்து உள்ளே நின்றால் மருத்துவரிடம் போக வேண்டும். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், ஆளை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு.

ஜனவரிக் குளிரில் சில கண்மாய்களில் விரால் உடம்பில் சிவந்த புண் வரும். அப்படி மாட்டினால் மற்ற மீனோடு போட வேண்டாம். கைவலை, வாளி, ஷூ எல்லாவற்றையும் கழுவி வெயிலில் நன்றாகக் காய வைத்த பிறகே அடுத்த கண்மாய்க்குக் கொண்டுபோக வேண்டும். நோய் ஈரத்தோடு போகும்.

நாற்பத்தெட்டு மடை:

வாடைக்காற்று சொன்னது சரி, இரண்டு ஆள்.

ஒன்று விட்டுப்போனது. ஜனவரியில் நெல்லுக்குத் தண்ணீர் விடுவார்கள், மடை திறந்தால் கண்மாய் இறங்கும். உள்வாய் (கரைக்கு எதிர்ப்பக்க ஆழமில்லாத பகுதி) ஓரத்தில் ஒரு சாண் தண்ணீர் குறைந்தாலே மீன் கரையடிப் பள்ளத்துக்கு நகர்ந்துவிடும், நீங்கள் முதல் நாள் பார்த்து வைத்த இடம் மறுநாள் வெறும் சேறாக இருக்கும். முந்தின நாள் சாயங்காலம் மடை திறந்துவிடும் நீர்பாய்ச்சியைப் பார்த்து எந்த மடை, எத்தனை மணிக்குத் திறக்கிறார் என்று கேளுங்கள். தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டு வாருங்கள். காலையில் குச்சி தண்ணீரை விட்டுத் தள்ளி நின்றால் ஜிலேபிக்காரர்களையும் கரைப் பக்கம் மாற்றுங்கள், தக்கையை ஒரு முழம் மேலே ஏற்றிக் கட்டுங்கள்.