மறு: ஸ்பானிய ‘கொந்திஸியோனால்’: நிபந்தனை வினை வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்பானிய இலக்கணத்துக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலில், ‘இரீயா’ (போவேன்) போன்ற வினை வடிவத்தின் பெயரான கொந்திஸியோனாலுக்கு நேரே ‘நிபந்தனை வினை’ என்று இருக்கிறது. ஸ்பானியப் பெயரின் நேர்ப்பொருள் அதுதான். ஆனாலும் அதை எடுத்துவிட வேண்டும் என்பேன்.

நிபந்தனை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வந்தால், போனால், இருந்தால். தொல்காப்பியம் ‘செயின்’ வாய்பாட்டில் சொல்லும் எச்சமும் இதற்குத்தான். ஸ்பானியத்தில் கொந்திஸியோனாலுக்கு அந்த இடம் கிடையாது. ‘ஸி துபியேரா தினேரோ, இரீயா’ என்றால் ‘பணம் இருந்தால் போவேன்’. கையில் பணம் இல்லை என்பதும் அதிலேயே அடக்கம். இதில் ‘ஸி’ (-ஆல்) என்ற சொல்லோடு நிபந்தனையைச் சுமப்பது ‘துபியேரா’, அது ஸுப்ஹுந்தீவோ, அதாவது நடக்காததையும் விருப்பத்தையும் ஐயத்தையும் சொல்லும் வினைப்பாங்கு. பின்னால் வரும் ‘இரீயா’ என்ற விளைவுதான் கொந்திஸியோனால். நாம் வைத்த பெயரை நம்பும் மாணவர் ‘துபியேரா’வின் இடத்திலும் கொந்திஸியோனாலைப் போட்டு ‘ஸி தென்ட்ரீயா தினேரோ’ என்றுதான் எழுதுவார். பாஸ்க் நாடு, புர்கோஸ் என்று வட ஸ்பெயினில் சில இடங்களில் பேச்சில் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் இலக்கணப்படி அது பிழை. கலைச்சொல்லே பிழைக்கு வழிகாட்டக் கூடாது.

இந்த இழையில் மாற்றாக முன்வைத்த ‘கற்பனை வினை’ என்ற பெயரும் போதாது. ‘திஹோ கே இரீயா’ என்பது ‘போவதாகச் சொன்னான்’. ‘ஸெரீயான் லாஸ் தியேஸ்’ என்றால் ‘அப்போது மணி பத்து இருக்கும்’. இவற்றில் கற்பனை எங்கே?

பணிவான கேட்டலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கடையில் ‘கியேரோ’ (வேண்டும்) என்று மொட்டையாகச் சொன்னால் வெட்டென்று விழும். ‘கெரீயா’ என்றால் தணிவு. அது வெறும் இறந்தகாலம். ‘கிஸியேரா’ இன்னும் பணிவு. அது ஸுப்ஹுந்தீவோவின் இறந்தகால வடிவம். முன்பின் தெரியாதவரிடம் ‘பொத்ரீயா ஆயுதார்மே?’ (எனக்கு உதவ முடியுமா?) என்பது கொந்திஸியோனால். மூன்றுக்கும் பொது, இப்போதைய தேவையை இறந்தகால உருவில் சொல்வது. நாமும் இதைச் செய்கிறோமே! ‘உங்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டியிருந்தது’ என்று தொடங்குகிறோம். கேட்க வேண்டியது இப்போதுதான், ஆனாலும் ‘இருந்தது’ என்கிறோம். முகத்துக்கு நேரே நீட்டாமல் ஓரடி தள்ளி வைக்கிறோம்.

அந்த இறந்தகாலம் கொந்திஸியோனாலின் உருவிலேயே இருக்கிறது. லத்தீனில் ‘கந்தாரே ஹபேபாம்’, அதாவது ‘பாட இருந்தேன்’ என்பது போன்ற தொடர், தேய்ந்து ‘கந்தரீயா’ ஆனது. ‘கொமீயா’ என்ற இறந்தகாலத்தில் வரும் அதே ‘ஈயா’தான் ‘கொமெரீயா’விலும். எதிர்காலத்தின் அடி, இறந்தகாலத்தின் ஈறு.

இதைத் தெளிவாகக் கண்டவர் இலக்கண அறிஞர் அந்த்ரேஸ் பேயோ. கரகாஸில் பிறந்து சிலேயில் வாழ்ந்த அவர், 1847இல் வெளிவந்த தம் இலக்கணத்தில் இதற்கு ‘போஸ்ப்ரெதேரிதோ’ என்று பெயரிட்டார். இறந்தகாலத்துக்குப் பிற்பட்டது என்று பொருள். மெக்சிகோவில் இன்றும் அந்தப் பெயர் வழக்கில் இருக்கிறது. ஸ்பெயினின் மொழிக்கழகம் இதை ‘போதென்ஸியால்’ என்று தனி வினைப்பாங்காகவே வைத்திருந்தது. 1973இல் வெளியிட்ட இலக்கண வரைவில்தான் அதைக் கைவிட்டது. அவர்களே பெயரை மாற்றியிருக்கும்போது, நாம் ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

பேயோ வழியில் போனால் தொல்காப்பியத்தின் இறப்பு, நிகழ்வு, எதிர்வு கைகொடுக்கும். ‘இறப்பெதிர்வு’ என்றால் கச்சிதம்தான், ஆனால் இன்று ‘இறப்பு’ என்றால் சாவு. அதனால் ‘கடப்பெதிர்வு’ என்று முன்மொழிகிறேன். ‘அப்லரீயா’ (பேசுவேன்) கடப்பெதிர்வு, ‘அப்ரீயா அப்லாதோ’ (பேசியிருப்பேன்) முற்றுக் கடப்பெதிர்வு. முதலில் கேட்க விறைப்பாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘திஹோ கே இரீயா’வுக்கு நேராகப் பொருந்துகிறது, ‘பொத்ரீயா’வின் பணிவுக்குக் காரணம் காட்டுகிறது, ‘ஸி’யின் பக்கம் மாணவரை இழுப்பதில்லை.

அப்புறம், ஸுப்ஹுந்தீவோவுக்கு ‘வியங்கோள்’ என்ற பெயர் வேண்டவே வேண்டாம். வாழ்க, வாழிய, வாழியர் என்று நன்னூல் வரையறுத்த சொல் அது. வாழ்த்துக்கும் ஏவலுக்கும் உரியது. ‘துபியேரா’ வாழ்த்தவுமில்லை, ஏவவுமில்லை. அதற்குத் தனி இழை தொடங்குவோம்.

கடப்பெதிர்வுக்கு மறுப்பு இருந்தால் ‘ஸெரீயான் லாஸ் தியேஸ்’ போன்ற ஊக வாக்கியங்களை வைத்து எழுதுங்கள். சொல் தடுமாறக்கூடிய இடம் அதுதான்.